வடிவின் முழங்கால்

என் கொழுந்தன் குமாரசாமி கட்டுப் போட்டால் ஒடிந்த எலும்பும் கூடிவிடும் என்று பிள்ளையார்பாளையமே நம்பியது. நானும் நம்பித் தொலைத்தேன், அந்தப் பாவி என் மகள் வடிவின் முழங்காலில் கை வைக்கும்வரை.

"தறி மிதிச்சு மிதிச்சு சுளுக்கிக்கினு இருக்குது அண்ணி," என்றான்.

பதினாறு வயதுப் பெண், நாளெல்லாம் குழித்தறியில் கால் மிதிப்பவள். பொருத்தமாகத்தான் இருந்தது. எண்ணெய் விட்டு உருவினான், மூங்கில் பத்தை வைத்துக் கட்டினான்.

அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றது. வடிவு காலை நீட்டிப் படுத்தே கிடந்தாள். சுளுக்கென்றால் அடங்க வேண்டாமா? வீக்கம் தேங்காய்மூடி அளவுக்கு எழும்பிற்று. தொட்டால் கல்லாக இருந்தது. தூக்கத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

"மிதிக்கவே இல்லியே, இது எப்பிடி சுளுக்கு?" என்று குமாரசாமியைக் கேட்டேன்.

"வைத்தியம் நான் பாக்கறனா, நீ பாக்கறியா?" என்று எகிறினான். என் புருஷன் குப்புசாமிக்குத் தம்பி சொல்தான் வேதவாக்கு.

சொல்லாமல் கொள்ளாமல் அவளை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்குதா?" டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். படம் எடுத்து, துளி எலும்பைச் சோதித்து, எலும்பில் புற்று என்றார். நெஞ்சுக்கு இன்னும் ஏறவில்லை, உடனே தொடையோடு காலை எடுத்தால் பிழைக்க வழியுண்டு, அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்.

ஊர் திரும்பிச் சொன்னதும் வீடு பற்றி எரிந்தது.

"நொண்டிய எவன் கட்டுவான்?" என்றார் குப்புசாமி.

"பொணத்த எவன் கட்டுவான்?" என்றேன். அறைந்தார். குமாரசாமி மறுகட்டுப் போட வந்தான். அவன் எண்ணெய்க் கிண்ணத்தைத் தெருவில் வீசினேன்.

தைப்பூசம் கழிந்துதான் மனுஷர் கையெழுத்துப் போட மசிந்தார். குமாரசாமியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தான். டாக்டரம்மா மறுபடி நெஞ்சைப் படம் எடுத்து, என்னை மட்டும் உள்ளே அழைத்தார். "நுரையீரலுக்குப் போயிடுச்சும்மா. இனி காலை எடுத்துப் பிரயோசனமில்லை."

வெளியே வந்தேன். "கால எடுக்கலியாம்," என்றேன்.

"நான் அப்பவே சொல்லல?" என்று குமாரசாமி மீசையைத் தடவினான். குப்புசாமி காமாட்சியம்மனை நினைத்துக் கும்பிட்டார். வடிவு மாதக்கணக்குக்குப் பிறகு சிரித்தாள். "அம்மா, எனக்குக் கால் இருக்குதும்மா."

குமாரசாமி மூஞ்சியில் காறித் துப்பவேண்டிய உண்மையை விழுங்கிக்கொண்டு அவள் தலையைக் கோதினேன்.

"இருக்குதுடி," என்றேன்.