பெட்டிக்குச் சொன்ன வழி

இப்ராஹிம் ஷாவுக்கும் அவருடைய மருமகள் முஹ்சினாவுக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. பேச்சு மட்டும்தான் கிடையாது. கோட்டக்குப்பத்தில் அந்த வீட்டில் மாமனார் மருமகளிடம் நேராகப் பேசினால் மரியாதைக் குறைவு. குழம்பில் உப்புப் போதவில்லை என்றால் "ஜுலைகா, உப்பு" என்று மனைவியிடம் சொல்வார். ஜுலைகா பீவி திரும்பி, "மாமாவுக்கு உப்பாம்மா" என்பார். உப்பு ஜாடி அந்நேரம் முஹ்சினாவின் கையில், அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது, இதுவரை யாருக்கும் உப்புக் கிடைக்காமல் போனதில்லை.

வீட்டுக்குள் ஒத்து வந்த இந்த ஏற்பாடு காருக்குள் ஒத்து வருமா என்று யாரும் யோசிக்கவில்லை.

காரை வாங்கியவன் முஹ்சினாவின் கணவன் யாஹ்யா. குவைத்தில் வேன் ஓட்டுகிறவன். போன லீவில் வந்தபோது பழைய கார் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் ஊரெல்லாம் ஓட்டிவிட்டு, உறை போட்டு மூடி, விமானம் ஏறிவிட்டான். அவன் போனதும் முஹ்சினா பாண்டிச்சேரியில் பெண்களுக்கு வண்டி கற்றுத் தரும் இருதயமேரியிடம் போய்ச் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இப்ராஹிம் ஷா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. விழுப்புரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் சீனுவாசனுக்கு மட்டும் போன் போட்டு, ஓட்ட ஆள் இல்லாத வண்டி ஒன்று சும்மா நிற்கிறது என்று சொல்லிவைத்தார். ஆள் அதே வீட்டில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

முஹ்சினாவுக்கு அந்தக் கார் வேண்டும். அவளுடைய அம்மா மரக்காணத்தில் தனியாக இருக்கிறார். ஒரே கடற்கரைச் சாலை, கொஞ்ச நேர ஓட்டம். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் கொழுந்தனுக்கு ஒழிய வேண்டும், அவனுக்கு ஒழிந்தால் பைக் சரியாக இருக்க வேண்டும், இரண்டும் கூடிவந்தால் வெள்ளிக்கிழமையாக இருக்கக் கூடாது. இப்படிக் காத்துக் காத்து அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. சாவி கையில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று அவள் நினைத்தாள், அப்படி நினைத்ததில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

இதற்கு நடுவில் வீட்டின் கடைசி மகளுக்கு நிக்காஹ் முடிவாயிற்று. திண்டிவனத்தில் இப்ராஹிம் ஷாவின் அக்காவையும் விழுப்புரத்தில் ஜுலைகா பீவியின் தம்பி வீட்டையும் பெரியவர்கள் நேரில் போய் அழைத்தாக வேண்டும். போனில் அழைத்தால் அவர்களும் போனிலேயே வாழ்த்திவிடுவார்கள். முஹ்சினாவே ஓட்டட்டும் என்று யாஹ்யா குவைத்திலிருந்து ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் இப்ராஹிம் ஷா மனைவியிடம் தீர்ப்புச் சொன்னார்.

"திண்டிவனம் போய்ட்டு விழுப்புரம் வருவோம். ஒழுங்கா இட்டுக்கினு போனா வண்டி இருக்கட்டும். பேஜாரு பண்ணா, சீனுவாசன் கடையில வுட்டுட்டு பஸ் ஏறிடலாம். சொல்லிடு."

"கேட்டியாம்மா?" என்றார் ஜுலைகா பீவி.

"கேட்டேன் மாமி" என்றாள், இரண்டடி தள்ளி நின்ற முஹ்சினா.

வழி காட்டுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. யாஹ்யாவின் பழைய வேனில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் பெட்டி. புது வேனில் கூடவே திரை வந்துவிட்டதால் இதை பால்பவுடர் டப்பாவுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்திருந்தான். யாரோ நண்பனைப் பிடித்து இந்திய வரைபடத்தை ஏற்றிவிட்டான். பேச்சை மட்டும் மாற்ற வரவில்லை. அது அரபியில்தான் பேசும், ஒரு பெண் குரலில். "யமீன்னா ரைட்டு, யஸார்னா லெஃப்டு. மதரஸால படிச்சதுதான" என்று போனில் சொல்லிவிட்டான். கைபோனிலேயே வழி பார்க்கலாமே என்றால், அந்தப் போனில் அவனே நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு எங்கே வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

காலையில் கிளம்பினார்கள். முட்டி வலிக்காக இப்ராஹிம் ஷா முன்னால் உட்கார்ந்தார். ஜுலைகா பீவி பின்னால். பெட்டி முதல் தடவை வாயைத் திறந்ததும் ஜுலைகா பீவியின் கை முக்காட்டை இழுத்து விட்டது.

"மெஷின்தான் மாமி."

"தெரியும்மா. அரபில பேசுதா, கை தானா போவுது."

கிளியனூர் தாண்டித் திண்டிவனம் வரைக்கும் நேர்ச்சாலை. அதில் தவறு செய்ய வேண்டுமென்றால் முயற்சி எடுக்க வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும்தான் ஏற்பாடு தன் வேலையைக் காட்டியது. மேம்பாலம் வந்தது. பெட்டி பேசாமல் இருந்தது.

"ஜுலைகா, பாலத்து மேல ஏற வேணாம், கீழ போகச் சொல்லு" என்றார் இப்ராஹிம் ஷா, பின்பக்கம் திரும்பி.

"என்னது?"

"கீழ."

"பாலத்துக்குக் கீழ போவணுமாம்மா" என்று ஜுலைகா பீவி சொல்லி முடித்தபோது கார் பாலத்தின் உச்சியில் இருந்தது. சுற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்து அக்கா வீட்டுத் தெரு. "இந்தத் தெருதான்" என்ற செய்தி பின்னால் போய் முன்னால் வருவதற்குள் தெரு போய்விட்டது. இப்படி இரண்டு முறை. பெட்டி நீளமாக ஏதோ சொன்னது. இப்ராஹிம் ஷாவும் குவைத்தில் காய்கறிக் கிடங்கில் காலம் கழித்தவர், அரபி தெரியும்.

"வழி தப்பிட்டோம்னு சொல்றா" என்று மனைவிக்கு மொழிபெயர்த்தார். அது முஹ்சினாவுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்திருந்தது.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். "உங்க காரு எங்க தெருமுனையத் தாண்டி ரெண்டு தபா போச்சு. நான் நின்னு பாத்துக்கினேதான் இருந்தேன். மத்தவங்களையெல்லாம் அழைச்சுட்டு என்னைக் கடைசியா அழைக்க வந்தீங்களா?" என்றார். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட வேண்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சீனுவாசன் கூப்பிட்டார். "சாயங்காலம் கடையிலயே இரு, வர்றோம்" என்று இப்ராஹிம் ஷா சொன்னது சமையலறையில் நின்ற முஹ்சினாவுக்குக் கேட்டது. அவள் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

விழுப்புரத்துக்குக் கிளம்பிக் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் பிரியாணி ஜுலைகா பீவியைச் சாய்த்துவிட்டது. விக்கிரவாண்டிக்கு முன்னால் பெட்டி, "யஸார்" என்றது.

"ஜுலைகா, நேரா போகச் சொல்லு" என்றார் இப்ராஹிம் ஷா.

பின்னாலிருந்து குறட்டைதான் வந்தது. மாமா சொன்னது முஹ்சினாவின் காதில் விழத்தான் செய்தது. ஆனால் தன்னிடம் சொல்லாததைக் கேட்டு நடப்பது ஒட்டுக் கேட்டது போலாகிவிடுமோ என்று தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் கை இடதுபக்கம் திரும்பிவிட்டது. சுங்கச்சாவடி இல்லாத சாலையாகப் பார்த்துப் போகும்படி யாரோ பெட்டியில் மாற்றிவைத்திருந்தது அன்று இரவு யாஹ்யா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

சாலை ஒடுங்கிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் கரும்பு, அப்புறம் இரண்டு பக்கமும் வாய்க்கால். ஒரு திருப்பத்தில் சாலையே காணவில்லை. அதன் மேல் அகலத்துக்கும் நீளத்துக்கும் உளுந்துச் செடியை அறுத்துப் பரப்பியிருந்தார்கள். முஹ்சினா பிரேக் போடுவதற்குள் கார் பாதி உளுந்தின் மேல் ஏறிவிட்டது.

கையில் கவைக்கோலோடு ஒருவர் வந்தார். நிலத்துக்காரர், பெயர் பெரியதம்பி என்று பிறகு சொன்னார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே, தெரியாம ஏத்திட்டேன்" என்றாள் முஹ்சினா.

"ஏத்தறதுக்குத்தாம்மா போட்டு வெச்சிருக்கேன். வண்டி ஏறுனாத்தான உளுந்து உதிரும்? காலையில இருந்து ரெண்டு டெம்போதான் வந்துது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தபா வாயேன்."

"நாங்க ஜல்தியா விழுப்புரம் போகணும்" என்றார் இப்ராஹிம் ஷா.

"போங்க பாய். எப்படியும் பின்னால போய்த்தான் போவணும். அதோ பாருங்க."

எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்துகொண்டிருந்தது. அதன் டிரெய்லர் சாலையைவிட அகலமாக இருந்தது. ஒதுங்க இடம் என்றால் பின்னால் தொலைவில் மோட்டார் கொட்டகை பக்கம்தான். அதுவரை இந்தக் குறுகல் சாலையில், இரண்டு பக்கம் வாய்க்காலோடு, பின்னாலேயே போக வேண்டும். இப்ராஹிம் ஷா கண்ணை மூடி பிஸ்மி சொன்னார். சீனுவாசன் கடைவரைக்கும் வண்டி முழுசாகப் போய்ச் சேருமா என்பதே இப்போது அவருடைய கவலை.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கோட்டக்குப்பத்தில் அவர்கள் சந்தில் காரைத் திருப்ப இடம் கிடையாது. அவர் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் பார்த்து முஹ்சினா தினமும் காரை எடுத்துத் தெருமுனை வரை போவாள், அங்கிருந்து பின்னாலேயே வீட்டுக்கு வருவாள். உண்மையைச் சொன்னால், அவள் முன்னால் ஓட்டியதும் பின்னால் ஓட்டியதும் சரிபாதி.

கழுத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பின்னால் எடுத்தாள். கீழே உளுந்து நெரிந்தது. தான் போகச் சொன்ன பக்கத்துக்கு நேர் எதிராகக் கார் போவது பெட்டிக்குப் பொறுக்கவில்லை, விடாமல் அரபியில் பேசியது. இப்ராஹிம் ஷாவின் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அரபியில் ஒருவர் நச்சரித்தால் பதில் சொல்லும் கிடங்குப் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

"லா, லா, வேணாம்" என்று தலையைத் திருப்பாமலே பெட்டியை அதட்டினார். "சும்மா இரும்மா. பின்னால மதகு இருக்குது. கொஞ்சம் யமீன்ல வா. இன்னும் வா. போதும். இப்ப நேரா."

கார் கொஞ்சம் யமீனில் வந்தது. இன்னும் வந்தது. போதும் என்றதும் நின்று, நேரானது.

இப்ராஹிம் ஷா பெட்டியைப் பார்த்தார். முஹ்சினாவும் பெட்டியைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொட்டாய்கிட்ட ஒதுங்கிக்கோ" என்றார், பெட்டியிடம்.

டிராக்டர் போனது. திரும்ப உளுந்தின் மேல் வந்தபோது பெரியதம்பி நிறுத்தி, அடியில் சுற்றிக்கொண்ட செடிகளைக் கவைக்கோலால் இழுத்துப் போட்டார். "சைலன்சர்ல சுத்திக்கினா புகைஞ்சுடும். நல்லா ஓட்டற கண்ணு. நாளைக்கும் உளுந்து இருக்குது, வாயேன்" என்றார். முஹ்சினாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமா பக்கத்தில் இருந்ததால் சிரிக்கவில்லை.

அங்கிருந்து விழுப்புரம் வரைக்கும் இப்ராஹிம் ஷா வாய் ஓயவில்லை. "இந்த ரோடு சுத்திக்கினு போய்ப் பெரிய ரோட்டுலதான் ஏறும்மா, பயப்படாத" என்பார் பெட்டியிடம். "முன்னால பஸ்ஸு நிக்கப் போவுது, அவன முந்தாத" என்பார். நடுவில் ஜுலைகா பீவி விழித்துக்கொண்டார்.

"யார்கிட்ட பேசிக்கினு வர்றீங்க?"

"வழி சொல்றேன்."

"யாருக்கு?"

இப்ராஹிம் ஷா மோவாயால் பெட்டியைக் காட்டினார்.

"வழி சொல்ல வந்தது அதுதான?"

"அதுக்கு என்ன தெரியும். வாய்க்கா தெரியல, மதகு தெரியல."

ஜுலைகா பீவி கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் கடமையை விட மனமில்லாமல், "மாமா நேரா போகச் சொல்றாரும்மா" என்றார். முஹ்சினா ஏற்கெனவே நேராகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

விழுப்புரத்தில் தம்பி வீட்டை ஒரே முறையில் கண்டுபிடித்தார்கள். அழைத்து, டீ குடித்துவிட்டு வெளியே வந்து காரைக் கிளப்பியபோது பெட்டியின் திரை கறுப்பாக இருந்தது. சார்ஜ் ஒயர் எங்கேயோ கழன்று, அது உயிரை விட்டிருந்தது. முஹ்சினா அதைப் பார்த்தாள். இப்ராஹிம் ஷாவும் பார்த்தார். அவள் ஒயரைத் தேடவில்லை. அவரும் தேடச் சொல்லவில்லை.

"தெரு முனைல ரைட்டும்மா" என்றார் கறுப்புத் திரையிடம்.

நாலுமுனை சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. நேராகப் போனால் பாண்டி ரோடு, வீட்டுக்கு. இடதுபக்கம் போனால் சீனுவாசன் கடை. போர்டு அங்கிருந்தே தெரிந்தது. சீனுவாசன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

முஹ்சினா அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேம்பாலத்தையும், தவறவிட்ட தெருவையும், உளுந்தையும் மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அது ஒழுங்காக வந்த கணக்கில் சேரவில்லை. கேட்டுவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. கேட்டுப் பழக்கமில்லை.

"சீனுவாசன் கடை இந்தப் பக்கந்தான?" என்றார் ஜுலைகா பீவி.

விளக்குப் பச்சையானது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் நின்றான். இப்ராஹிம் ஷா முன்னால் குனிந்து, செத்துப்போன பெட்டியிடம் நிதானமாகப் பேசினார்.

"யஸார் பக்கம் நமக்கு ஜோலி இல்லம்மா. சீனுவாசன்கிட்ட நான் போன்ல பேசிக்கிறேன். நேரா பாண்டி ரோட்டப் புடி." கொஞ்சம் நிறுத்தினார். "மரக்காணம் போறதுன்னா காலையிலயே கிளம்பிடு. வெயில் ஏறிட்டா கஷ்டம். உங்க அம்மாவுக்கும் பத்திரிகை குடுக்கணும்."

ஜுலைகா பீவி இதை மருமகளுக்குச் சொல்வதற்காக வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டார்.

முஹ்சினாவுக்குச் சாலை கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்பவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சரிங்க மாமா."