உள்ளங்கைச் சீனி

உள்ளங்கையில் சீனி கரைகிறது, கெதியா நக்கடி, விரலுக்கிடையால ஓடப்போகுது என்கிறாள் அம்மா, ஒரு நக்கு சீனி, ஒரு மிடறு வெறும் தேத்தண்ணீர், அகதி முகாமில் எங்கள் வீட்டு வரிசையில் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம், கலந்தால் சீனி அதிகம் செலவாகும், எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ, இல்லை, இது இன்று காலைதானோ, இன்று காலையும் அதே தகரக் கூரையின் கீழ்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் விருந்தாளியாக, பல்கலைக்கழக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பக்கத்தில் என் வகுப்புத் தோழி இந்துமதி.

கட்டாய இடப்பெயர்வு பற்றி வகுப்பில் அதிகம் பேசுபவள் நான், அகதிகளுக்கு உதவ மாணவர் குழு தொடங்கியதும் நான், உனக்கு எப்படிப்பா இதுல இவ்வளவு ஆர்வம் என்று இந்துமதி கேட்கும்போதெல்லாம், சும்மா, படிச்சதுதான் என்று மதுரைப் பேச்சில் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் வாய்க்குப் பழகிவிட்டது, குழு எங்கள் முகாமையே தேர்ந்தெடுத்தபோதும் நான் வாய் திறக்கவில்லை, அம்மாவுக்குப் போன் செய்தேன், எங்கட வகுப்பு ஆக்கள் வருகினம், என்னைத் தெரியாத மாதிரி இருங்கோ அம்மா என்றேன், சரி பிள்ளை, சாப்பிட்டனியோ என்றாள்.

வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை, என்னைத் தூக்கி வளர்த்த ராசமலர் மாமி குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், வெட்கம், காது மடல்வரை எரிகிற வெட்கம், இருங்கோ தங்கச்சி என்று அம்மா எனக்குப் பாய் விரிக்கிறாள், பெற்றவள் என்னை மரியாதை வைத்து அழைக்கிறாள், ஆன்ட்டி, உங்களுக்குப் பசங்க இருக்காங்களா என்கிறாள் இந்துமதி, ஒரு மகள், தூரத்தில படிக்கிறாள், நல்ல பிள்ளை, சொல்லும்போது அம்மா என்னைப் பார்க்கவில்லை, இப்போதாவது சொல், இப்போதாவது என்று மனம் அடித்துக்கொள்கிறது, தேத்தண்ணீர் வருகிறது, விருந்தாளிகளுக்கென்று சீனி கலந்து, ஆனால் கோப்பையைக் கண்டதும் என் இடது கை தானாக விரிந்து அம்மாவிடம் நீள்கிறது, அவள் பதறிப்போகிறாள், இந்துமதி குனிந்து ஊதிக் குடிக்கிற அந்த நொடியில் ஒரு கரண்டி சீனியைப் போட்டு என் விரல்களை மடக்கி மூடிவிடுகிறாள்.

திரும்பும் பேருந்தில், கையில என்னப்பா வச்சிருக்க என்கிறாள் இந்துமதி, ஒண்ணுமில்லப்பா என்கிறேன், விரலிடுக்கில் சீனி கரைந்து வழிகிறது, கெதியா நக்கடி என்கிறாள் அம்மா, நான் கையைத் திறக்கவில்லை.