வெட்ட மாட்டார்கள் என்று வைத்த வண்டி

“எதிர்ப்பு உண்டா?” என்று நிதிக்குழுத் தலைவர் கேட்டபோது மன்றக் கூடத்தில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும்தான் கேட்டது. கணக்கு அலுவலர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டு, வழக்கமான கூச்சல் எழுவதற்காகக் காத்திருந்தாள். குறைப்புப் பட்டியலில் முதல் இனம், சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ரத்தம் சுத்திகரித்த பிறகு வீட்டில் கொண்டுவந்து விடும் நகரசபை வண்டி. அதை நிறுத்தலாம் என்று எழுதியவள் அவள்தான். நிறுத்த விடமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதினாள்.

அந்த அலுவலகத்தில் இது வெகுநாள் வழக்கம். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால், எந்த உறுப்பினருக்கும் கை வைக்க மனம் வராத ஒன்றைத் தேடிப் பட்டியலின் தலையில் வைப்பார்கள். உறுப்பினர்கள் கொதித்தெழுவார்கள், மேசையைத் தட்டுவார்கள், அதைக் காப்பாற்றிவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொள்வார்கள். தொண்டை வறண்டு, பசி வந்து, கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகு கீழே இருக்கிற உண்மையான குறைப்புகளெல்லாம் சத்தமில்லாமல் நிறைவேறிவிடும். காப்பாற்றியதற்கான பணத்தைக் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லாத நாடகம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சில வருஷங்களாக அதில் கதாநாயகி அந்த வண்டி. வேறு எதையாவது தேடலாம்தான். பலித்ததை ஏன் மாற்றுவது என்ற சோம்பல்.

அந்த வண்டியில்தான் அவளுடைய அண்ணியும் போய்வருகிறாள். அண்ணன் இறந்தபின் அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம் என்பதெல்லாம் இவர்கள் விஷயத்தில் பொய். முதல் வருஷம் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னபோது அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். “அடிப்பாவி, வெட்டுறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா உனக்கு?” என்றாள். பிறகு, யார் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டுத் தெரிந்துகொள்வாள். முக்கியமாக வெண்கலத் தொண்டை என்ன பேசினார் என்று.

வெண்கலத் தொண்டை என்று அவர்கள் பெயர் வைத்திருந்த உறுப்பினர்தான் வண்டிக்காக முதலில் எழுந்திருப்பவர். அவர் ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வெட்கம் வந்துவிடும், ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்துவிடுவார்கள். போன மாதம் அவரையே நிதிக்குழுத் தலைவராக்கிவிட்டார்கள். அலுவலகத்தில் எல்லோரும் லட்டு வாங்கித் தின்றார்கள். அவளும் தின்றாள். அந்த நாற்காலியில் இருப்பவர் கேள்வி கேட்கலாம், கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், கத்த முடியாது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இந்த வருஷம் அரசு மானியம் வருமா, வந்தாலும் முழுதாக வருமா என்று யாருக்கும் தெரியாது. உறுப்பினர்களின் முகங்களில் சண்டை போடும் தெம்பே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாராவது ஆரம்பிக்கட்டும் என்று எல்லோரும் இருந்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நேராக அவளைப் பார்த்தார்.

“கணக்கு அலுவலர் ஏதாவது சொல்லணுமா?”

அலுவலர்கள் தாமாகப் பேசக்கூடாது. கேட்டால் பேசலாம். இப்போது கேட்டுவிட்டார். கையிருப்பைத் தொடாமல் வண்டியை ஓட்ட இரண்டு வழிகள் அவளுக்குத் தெரியும். ஆனால் பட்டியலைப் போட்டவளே அதை எதிர்த்தால் குட்டு உடைந்துவிடும். பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார்கள், பேசப் போகிறார்கள் என்று அவள் நம்பினாள்.

“இல்லைங்க,” என்றாள்.

நாற்காலியை நகர்த்தியவர் தண்ணீர் குடிக்கப் போனார்.

“நிறைவேறியது,” என்றார் தலைவர். வெண்கலத்தில் ஓட்டை விழுந்தது போலிருந்தது அந்தக் குரல்.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் அவரே அவளைத் தேடிவந்தார். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பார்த்தேம்மா. அதுக்காகத்தான் கேட்டேன்.”

“நீங்க கத்துவீங்கன்னு இருந்தேன் சார்.”

“அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு எப்படிம்மா கத்துறது?”

மானியம் வந்தால் திரும்பப் பார்க்கலாம் என்றார். எப்போது வரும் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாத முடிவு வரை வண்டி ஓடும். தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. எத்தனை பேருடைய உயிரை எடுத்து முன்வரிசையில் வைத்து விளையாடியிருக்கிறோம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. நல்ல எண்ணத்தில்தான் செய்தோம் என்று சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை.

வெயில் தணிகிற நேரத்தில் அண்ணி வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தேயிருந்தது. அண்ணி கட்டிலில் உட்கார்ந்து மறுநாளுக்கான பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். போர்வை, காலுறை, சின்னத் தலையணை. பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் தன் தோளில் சாய்ந்து தூங்குகிறார் என்பதற்காக அவருக்கும் ஒரு தலையணை தைத்து வைத்திருந்தாள்.

“வாம்மா வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். இந்த வருஷம் நம்ம வெண்கலத் தொண்டை என்ன போடு போட்டாரு?”

அவள் வாசற்படியிலேயே நின்றாள். “அண்ணி...”

“இரு இரு, நானே சொல்றேன்.” அண்ணி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்திருந்த கையை உயர்த்தி, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து முழங்கினாள். “இவங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்கு நடந்தா போவாங்க? கேக்குறேன்! இந்த வண்டிய நிறுத்தணும்னா என் மேல ஏத்திட்டு அப்புறம் நிறுத்துங்க!”

மூச்சு வாங்கியது. ஆனாலும் கையை இறக்கவில்லை. சிரித்துக்கொண்டே, நாத்தனார் கைதட்டுவதற்காகக் காத்திருந்தாள்.