இருக்கட்டும்

அவருடைய நீலச் சட்டையில் காலரின் இடது முனை எப்போதும் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். இஸ்திரி போட்டாலும் சரி, தண்ணீர் தொட்டு நீவினாலும் சரி, அரை மணி நேரம்தான், மறுபடி மடங்கிவிடும். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்பாள் மனைவி. என்பாளே தவிர, அவரைக் கடந்து போகும்போதெல்லாம் இரண்டு விரலால் அதை எடுத்துவிடாமல் போகமாட்டாள். அன்று காலையும் அவள் கை கழுத்தருகே வந்தது. ஆனால் தொடாமல் திரும்பிப் போய்விட்டது.

“இருக்கட்டும்” என்றாள்.

அவர் ஒரு பாடப்புத்தகத்தின் அச்சுப்படியில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“ஜூஸ் கடை வரைக்கும் போய் மாதுளைத் தோல் வாங்கிட்டு வந்திடறேன். நம்ம வீட்டோட மாப்பிள்ளைய ஒரு குலுக்கு குலுக்கி வைங்க. சாயங்காலம் வேணும்.”

“ம்.”

“எந்த மாப்பிள்ளைன்னு கேக்கக்கூட இல்ல. நீங்களே எழுந்து குலுங்கிடாதீங்க, மேசை ஆடும்.”

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் அடுத்த வரிக்குப் போனார்.

வீட்டோட மாப்பிள்ளை என்பது ஜன்னலோரம் இருந்த ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே வினிகர், அதில் ஊறும் துருப்பிடித்த பழைய ஆணிகள். ஓவியம் வரையும் மனைவி கடையில் வாங்கிய சாயத்தைத் தொட்டு இருபது வருடமாகியிருந்தது. வெங்காயத் தோலில் மஞ்சள், பீட்ரூட்டில் சிவப்பு, ஏதோ ஒரு கொடியின் பூவில் நீலம் என்று தானே காய்ச்சி எடுப்பாள். பார்க்கக் கண்ணைப் பறிக்கும். நாலு மாதம் வெளிச்சம் பட்டால் கிளம்பிவிடும். அவற்றுக்கு அவள் வைத்த பெயர் ஓடுகாலிகள். தேநீரில் கோடு போட்டு அதன்மேல் ஆணி ஊறிய தண்ணீரைத் தடவினால் எழும் கறுப்பு மட்டும் எங்கும் போகாது. அதனால் அது வீட்டோட மாப்பிள்ளை. அவர்கள் குடியிருந்தது அவளுடைய அப்பா கட்டிய வீடு என்பதால், அந்தப் பெயர் வரும்போதெல்லாம் அவருக்கும் ஒரு இடி கிடைக்கும்.

அழுகத் தெரியாத எதுவும் தன் அறைக்குள் வரக்கூடாது என்பது அவள் சட்டம். தாளைக்கூட பழைய பருத்தித் துணியைக் கிழித்து, ஊறவைத்து, அரைத்து அவளே வார்த்தாள். தேறாத ஓவியங்கள் பின்பக்கத்து எருக்குழிக்குப் போகும். “இந்த வருஷக் கத்தரிக்காய்க்குக் கலை ரசனை ஜாஸ்தி” என்பாள்.

அன்று ஜூஸ் கடையில் தோலைக் கட்டித் தரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் தம்ளரோடு திரும்பியபோது சுவரில் சாய்ந்திருந்தாள். தகவல் கிடைத்து வீட்டிலிருந்து அவர் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மடியில் பை இருந்தது, பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவ்வளவுதான்.

அவர் புட்டியைக் குலுக்கவே இல்லை. மறந்துகூடப் போகவில்லை. இந்தப் பக்கம் முடியட்டும், இந்தப் பக்கம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

காரியம் முடிந்து ஊருக்குப் போன மகள் ஐந்து வாரம் கழித்து மறுபடி வந்தாள். பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. ‘எதிரி முகாமில் நம் ஆள்’ என்பாள் அவளுடைய அம்மா. ஒரு காட்சிக்கூடத்தில் அம்மாவின் ஓவியங்களை மொத்தமாக வைக்கக் கேட்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் இரண்டு நாள் ஓவியங்களை எடுத்துத் துடைத்து அடுக்கினார்கள். கடைசியில் அம்மாவின் மேசைமேல் சாய்த்து வைத்திருந்த பலகைக்கு வந்தார்கள்.

பலகையில் ஒட்டியிருந்தது வெறும் தாள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். மகள் அதை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். தண்ணீர் காய்ந்த தடம் போல மங்கலாகக் கோடுகள் தெரிந்தன. கோணத்தை மாற்றினால் காணாமல் போயின. ஓரத்தில் பென்சில் எழுத்து: ‘தேநீர் மூன்று முறை. இரும்பு ஒரே முறை. திரும்பத் தொடக்கூடாது.’

“அன்னிக்குச் சாயங்காலம் முடிக்க வேண்டியது” என்றார்.

மகள் கோட்டை உற்றுப் பார்த்தாள். “இப்பவே பாதி மங்கிடுச்சுப்பா. இப்படியே விட்டா தாளோட தாளா கலந்துடும்.” பையிலிருந்து ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்தாள். “இத ஒரு தடவ அடிச்சிட்டா அம்மா போட்டது போட்டபடி நிக்கும். வெயிலும் அண்டாது, ஈரமும் அண்டாது.”

“அடிச்சதுக்கப்புறம் இரும்புத் தண்ணி உள்ள எறங்குமா?”

“எறங்காது.”

“அப்ப என்ன போட்டிருக்கான்னு எப்பவுமே தெரியாது.”

“தெரியாட்டி போகுது. அவங்க கை பட்ட கடைசித் தாள் இதுதான். நீங்க பிரஷ்ஷ எடுத்தா அது உங்க கை. ஒரே தடவைன்னு எழுதியிருக்கு. வழிஞ்சு போச்சுன்னா? இன்னொரு அம்மாவா வந்து போட்டுத் தருவாங்க?”

அவள் சொன்னதில் தப்பில்லை. நாற்பது வருடம் அவர் பிறர் எழுதியதைத் திருத்தித்தான் பிழைத்தார். சொந்தமாக ஒரு கோடு இழுத்தவரில்லை. போதாததற்கு, இரும்புக் கறுப்பு பல வருடங்களில் தாளையே அரித்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். மனைவிதான் சொன்னாள். “சாப்பிட்டுட்டுப் போகட்டும், மாப்பிள்ளைதானே.”

“குலுக்கி வைக்கச் சொன்னா” என்றார். “நான் குலுக்கல.”

“எத?”

ஜன்னலைக் காட்டினார்.

“அதுக்கும் நடந்ததுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“ஒண்ணுமில்லதான். யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு.”

மகள் டப்பாவின் மூடியை இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினாள். பிறகு அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த புட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“நல்லா குலுக்குங்க. துரு பூரா அடியில கெடக்கு. மேல் தண்ணிய மட்டும் தடவுனா வெளுப்பாத்தான் வரும்.”

அவர் குலுக்கினார். ஆணிகள் கண்ணாடியில் மோதிச் சலசலத்தன. கை வலிக்கும்வரை குலுக்கினார். போதும்ப்பா, உடைஞ்சிடும் என்று மகள் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்சம் தெளிய விட்டுக் கிண்ணத்தில் வடித்துக் கொடுத்தாள். அவருக்குப் படிக்கத்தான் தெரியும். அதனால் படிப்பது போலவே, மேலிருந்து, இடமிருந்து வலமாக, வரி வரியாகத் தடவினார். ஒரு வரி முடிந்தால் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் தூரிகையை மகளிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதலில் ஈரம் மட்டும் தெரிந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு நாற்காலியின் முதுகு எழுந்தது. மேசை விளிம்பு. குனிந்த தோள். பின்னந்தலை.

“வழுக்கையக்கூட விடல பாருங்க” என்று மகள் சிரித்தாள்.

மனைவி வரைய உட்காரும் ஸ்டூல் அவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால் இருந்தது; அங்கிருந்து பார்த்தால் அவர் அப்படித்தான் தெரிந்திருப்பார். அவருக்குத்தான் தன் முதுகைத் தெரியாது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் எழவில்லை; அங்கே இன்னும் தேநீர்க் கோடு போடவில்லை போலும். ஆனால் கழுத்து முடிந்திருந்தது. காலரின் வலது முனை மறைந்திருந்தது. இடது முனை உள்ளே மடங்கியிருந்தது, அந்த மடிப்புக்கு மட்டும் ஒரு கோடு கூடுதலாக.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அச்சுப்படியில் ஒரு சொல்லை அடித்த பிறகு, முன்பிருந்ததே சரி என்று தெரிந்தால், அந்தச் சொல்லின் கீழே புள்ளி வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார்கள். அடித்தது அடித்ததில்லை, தொடாதே என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் அவர்தான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்.

“கை எங்கப்பா?” என்றாள் மகள்.

“இன்னும் போடல.”

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இன்று அவர் போட்டிருந்ததும் அந்த நீலச் சட்டைதான். அவளுடைய இரண்டு விரல் அவர் கழுத்தருகே வந்தது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து விலகிக்கொண்டார்.

ஜன்னல் திட்டில் புட்டிக்குள் துரு மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. தாளில் கறுப்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. காலரின் இடது முனை உள்ளே மடங்கியே இருந்தது.