லபீபின் நடை

கெய்ரோவில் நடிகர் ஹில்மி தெருவில் இறங்கினால் போதும், காப்பிக் கடையிலிருந்து யாராவது இடுப்பை ஒடித்து, "அய்யய்யோ, என் முடி கலைஞ்சுபோச்சே!" என்று கீச்சுக்குரலில் கத்துவார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு படத்தில், பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவராக வந்து அவர் பேசிய வசனம் அது. குலுங்கி நடப்பார், ஆண்களைப் பார்த்துக் கண்ணடிப்பார், கடைசியில் கதாநாயகனிடம் அறை வாங்குவார். அரங்கமே அதிரும். அதன்பிறகு பதினோரு படங்களில் அதே நடை, அதே அறை.

அறுபத்திரண்டு வயதில் அவரைத் தேடி துனிசிலிருந்து எம்னா என்ற இளம் இயக்குநர் வந்தார். இருபது வருடமாகச் சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களின் கதை. அதில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வேடம் ஹில்மிக்கு.

"எந்த இடத்துல சிரிப்பாங்க?" என்று கேட்டார் ஹில்மி.

"சிரிக்க ஒண்ணுமில்லை, உஸ்தாத். ஆம்பளைய நேசிக்கிற ஆம்பளை, அவ்வளவுதான். நீங்க நடக்கிற மாதிரிதான் அவரும் நடப்பார்."

ஹில்மியை அது குடைந்தது. அந்தப் பழைய நடை அவருடைய கற்பனை இல்லை. கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் முடி அலங்காரக் கடை வைத்திருந்த லபீபுடையது. மனைவிக்காக அங்கே காத்திருந்த நாட்களில் பார்த்துப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டது. படம் வந்த ஆறாவது மாதம் லபீப் கடையை மூடிவிட்டு அலெக்ஸாந்திரியா போய்விட்டார். ஏன் என்று ஹில்மி விசாரிக்கவே இல்லை.

இப்போது முகவரி விசாரித்து ரயிலேறினார். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த லபீப் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருஷம் கழிச்சு வர்றே. ரயில் அவ்வளவு லேட்டா?"

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்.

"படம் பாத்தீங்களா அண்ணே?"

"பக்கத்துக் கடைக்காரங்க எல்லாரும் சேந்து கூட்டிட்டுப் போனாங்க. நீ நடந்து வந்ததும் ஒருத்தன் என்னைத் திரும்பிப் பாத்தான். அப்புறம் எல்லாரும் பாத்தாங்க. நான் என்ன பண்ண? எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சேன். ஆனா மறுநாள்லேருந்து கடை வாசல்ல உன் வசனம்தான். பொண்ணுங்களை வீட்டுல அனுப்பலை."

"மன்னிச்சிடுங்க அண்ணே."

"அதை வச்சு நான் என்ன செய்ய?"

ஹில்மி புதுப் படத்தைப் பற்றிச் சொன்னார்.

"அந்த வாத்தியார் கடைசில செத்துடுவாரா?"

"இல்லை."

"ஜெயிலுக்குப் போவாரா?"

"இல்லை. கூட இருக்கிறவருக்கு முட்டு வலி, மாடி ஏற முடியலை. ரெண்டு பேரும் கீழ்த்தளத்துல வீடு தேடி அலையறாங்க. கிடைச்சிடுது."

"இதுக்கா ஒரு படம்?" லபீப் வெகுநேரம் சிரித்தார். அடங்கியபின், "நடி" என்றார். "ஆனா இங்க திரும்ப வந்துடாதே. உன் மூஞ்சி இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். உன்னைப் பாத்தா அந்த வசனம் ஞாபகம் வரும். அடுத்தது என்னைத்தான் பாப்பாங்க."

துனிசில் முதல் நாள் படப்பிடிப்பு. வாத்தியார் அறையைக் கடந்து போய் ஜன்னலைத் திறக்க வேண்டும். ஹில்மியின் இடுப்பு தானாகவே குலுங்கியது. விளக்குப் பிடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள், எம்னா சிரிக்கவில்லை. ஏழு தடவை எடுத்தும் சரிவரவில்லை. எட்டாவது தடவை ஹில்மி ஜன்னலை மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தார். படத்தில் இருப்பது அதுதான்.

எகிப்தில் அதைத் திரையிட அனுமதி கிடைக்கவில்லை. துனிசில் ஒன்பது நாள் ஓடியது. வயதான காலத்தில் மானத்தை விற்றுவிட்டார் என்று கெய்ரோ பத்திரிகை ஒன்று எழுதியது. கையில் இருந்த இரண்டு நகைச்சுவைப் படங்களும் போயின. மைத்துனர் பேச்சை நிறுத்திக்கொண்டார். துனிசிலிருந்து மட்டும், பெயர் போடாமல், நாலைந்து கடிதங்கள் வந்தன. அவற்றை ஹில்மி மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

லபீபிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவர் எப்படியாவது அந்தப் படத்தைப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள ஹில்மிக்கு ஆசைதான். ஆனால் வராதே என்று சொன்ன வீட்டுக்கு அவர் போகவில்லை.