படகுச் சாயம் பூசிய ராக்கெட்

போன வருஷப் போட்டியில் மாலதியின் ராக்கெட் மேலே போகவில்லை. ஏவுகம்பியை விட்டுக் கிளம்பியது. தென்னை உயரம் தொடுவதற்குள் திரும்பியது. சுற்றிச் சுற்றி வந்து சிறப்பு விருந்தினரின் நாற்காலிக்கு அடியில் புகுந்து புகைந்தது. பெரிய மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றார். மைக்கைப் பிடித்திருந்த, எம்.இ. முதல் வருஷம் படித்த சீனியர் மணவாளன், "சங்குசக்கரம் பிரமாதம்" என்று ஒரே ஒரு வார்த்தை விட்டான்.

அவ்வளவுதான், பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு ஒழிந்தது. கேண்டீனில் சங்குசக்கரம், லேபில் சங்குசக்கரம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சிதம்பரத்துக் கல்லூரியில் அவளுக்கு இது கடைசி வருஷம், 2011. இந்த முறையும் ராக்கெட் கோணிக்கொண்டால், கல்யாணப் பத்திரிகையில்கூட அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள் என்று மாலதிக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

போட்டிக்கு எல்லோருக்கும் ஒரே கிட்தான். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, மெல்லிய பால்சா கட்டையில் சிறகுகள், ஒரு பாராசூட். மோட்டாரை மட்டும் அன்றைக்கு மைதானத்தில் வைத்துத் தருவார்கள், ஆளுக்கு ஒன்று. கிட்டை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தால் மதிப்பில்லை. கைவேலை தெரிய வேண்டும். மாலதி குழாயை ஒரு சாண் நீட்டினாள். சிறகுகளைச் சின்னதாக்கிச் சாய்த்து வெட்டினாள். கிட்டில் வந்த பாராசூட்டை ஒதுக்கிவிட்டு, மெல்லிய ஆரஞ்சுத் துணியில் தானே ஒன்று தைத்து, வலை நூலால் கட்டினாள். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டில் வலை நூலுக்கா பஞ்சம்? எல்லாம் முடித்து, வெள்ளை வெளேரென்று இருந்ததைத் துணி போட்டு மூடி பீரோ மேல் வைத்தாள்.

போட்டி நாளில் அண்ணன் ராஜவேல் பைக்கில் கொண்டுவிட்டான். படகுக்காரன். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்க அவனுக்கும் சிதம்பரம் கடைத்தெருவில் வேலை இருந்தது. வாங்கிய பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தங்கச்சி விடும் ராக்கெட்டைப் பார்க்க மைதானத்துக்கே வந்துவிட்டான். ராக்கெட்டைக் காலையிலேயே அவன்தான் கைலியில் பத்திரமாகச் சுற்றிக் கொடுத்திருந்தான்.

மைதானத்தில் கைலியைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ராக்கெட் சிவப்பும் மஞ்சளுமாக அவர்கள் படகைப் போலவே பளபளத்தது. சிறகுகளில் சாயம் தோசை மாவு மாதிரித் தடித்திருந்தது.

"இன்னாண்ணே பண்ணி வச்சிருக்க?"

"நல்லா இல்லியா? நம்ம போட்டுக்கு வாங்குன பெயிண்ட்டு மிச்சம் இருந்துச்சி. நீ காலேஜு போனப்பல்லாம் எறக்கி மூணு கோட்டு குடுத்தேன்."

"உன்ன யாரு கேட்டாங்க?"

"புதுசா எறக்குற எதையும் பெயிண்ட்டு அடிக்காம எறக்குவமா நாம?"

அவன் சொன்னதும் நியாயம்தான், படகாக இருந்தால். பறக்கிற பொருளுக்கு வால் கனத்தால் தலை நிற்காது. மாலதிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பறக்கவிடுமுன் ஒரு பரிசோதனை உண்டு. மோட்டார் எடைக்கு ஒரு கட்டையைச் செருகி, ராக்கெட் சமமாக நிற்கும் நடுப்பாரத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னே பார்த்துச் சுற்றினால்தான் மோட்டார் கொடுப்பார்கள். அவள் சுழற்றினாள். வால் முன்னே வந்தது.

"சங்குசக்கரம்" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுக்க, கூட்டம் சிரித்தது. இந்த வருஷமும் மணவாளன்தான் மைக். அவனும் சிரித்தான். ராஜவேலுக்குப் பாதி புரிந்தது. "சொரண்டிடட்டுமா பாப்பா?" என்றான் தாழ்ந்த குரலில்.

சுரண்டினால் பால்சாவும் சேர்ந்து வரும். வாலைக் குறைக்க முடியாது. மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ஈயத்த எடு."

மூக்கைக் கழற்றி உள்ளே ஒரு குண்டு போட்டுப் பஞ்சால் அடைத்தாள். சுழற்றினாள். ராக்கெட் குறுக்கே கிடந்து அலைந்தது. இன்னொன்று போட்டாள். மூக்கு முன்னே வந்தது, ஆனால் தடுமாறியது. மூன்றாவதைப் போடக் கை தயங்கியது. பாரம் மிஞ்சினால் மோட்டாரால் தூக்க முடியாது. அந்த அவமானத்துக்குப் போன வருஷமே தேவலை. போட்டாள். ராக்கெட் மூக்கை நீட்டிக்கொண்டு ஒழுங்காகச் சுற்றியது. பைக் பெட்டியில் கிடந்த எம்-சீல் பசையைப் பிசைந்து குண்டுகளை அசையாமல் அப்பி, அது இறுகட்டும் என்று கடைசி ஆளாகக் காத்திருந்தாள். தராசில் வைத்துப் பார்த்த பேராசிரியர், "எல்லையைத் தொட்டுட்ட, தாண்டல" என்று மோட்டாரைக் கையில் கொடுத்தார்.

அதற்குள் மற்றவர்கள் விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வெள்ளையும் வெள்ளியுமாக மினுக்கிய ராக்கெட்டுகள். விர்ரென்று போயின, போனவை மாசி மாதத்துப் பளீர் வானத்தில் கரைந்தன. உயரம் அளக்கக் கோணமானியோடு நின்ற பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்கள். கண்ணில் படாத உயரத்துக்கு எந்தக் கணக்கில் மதிப்பெண் போடுவது? ஓரளவு தாழப் போன ஒன்றிரண்டுக்குத்தான் அளவு கிடைத்தது.

மாலதி பொத்தானை அழுத்தினாள். ராக்கெட் ஒரு கணம் யோசித்தது. பிறகு கம்பியை விட்டு ஏறியது, கோடு போட்ட மாதிரி நேராக. சிவப்பும் மஞ்சளும் ஏறிக்கொண்டே இருந்தன. கடைசிவரை ஒருவர் கண்ணிலிருந்தும் தப்பவில்லை. கடலில் தூரத்துப் படகை அடையாளம் காட்டுகிற சாயம் அல்லவா? உச்சியில் ஆரஞ்சுக் குடை விரிந்தபோது கோணமானிப் பையன்கள் இருவரும் ஒன்றாகக் கத்தி அளவு சொன்னார்கள். குடை ஆடி ஆடி இறங்கி மைதானத்து நடுவிலேயே உட்கார்ந்தது. மாலதிக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

அளந்ததிலேயே அதிக உயரம் அவளுடையதுதான். முடிவை அறிவிக்க மைக்கை வாயருகே கொண்டுபோன மணவாளன் திகைத்தான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் குனிந்தான்.

"ஏம்மா, உன் நெஜப் பேரு இன்னா?"

அவள் அவசரப்படவில்லை. புடவைக் கடையில் விலை சொல்கிறவள் போல நிதானமாகச் சொன்னாள். "மாலதி."

"முதல் பரிசு, மாலதி" என்று ஒலிபெருக்கி மைதானம் முழுக்கச் சொன்னது. ராஜவேல் விரலை மடித்து வாயில் வைத்து, கரையிலிருந்து படகைக் கூப்பிடுகிற சீழ்க்கையை அடித்தான்.

வீடு திரும்பும்போது கேட்டான். "உங்க காலேஜுதான? உம் பேரு தெரியாதா அவனுக்கு?"

"இன்னிக்குத்தாண்ணே தெரிஞ்சிக்கினாரு" என்று மாலதி ராக்கெட்டை மடியில் சாய்த்துக்கொண்டாள். இந்த முறை அதைக் கைலியில் சுற்றவில்லை.