மாடு அவிழ்த்த இரண்டு மணி நேரம்

1

இந்தக் கதைக்கு மூலம் நான் போட்ட ஒரு கணக்கு. 1959இல் அன்னூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு எட்டாம் வகுப்பு வினாத்தாள் தயாரித்தவன் அடியேன்தான். கேள்வி இது: கிணற்றில் 9,600 கேலன் தண்ணீர். மாடு பூட்டிக் கவலை இறைத்தால் மணிக்கு 1,200 கேலன் வெளியேறும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எப்போது இறைத்து முடியும்?

விடை, பகல் இரண்டு மணி. (மாடு இழுக்க, தோல் சாலில் தண்ணீர் மேலே வரும் இந்தக் கவலை ஓட்டுவதை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.)

2

தாள் திருத்துகிறவள் விமலாராணி டீச்சர். "சிவப்பு மை உலரும் அந்தப் பிற்பகலில் அவள் நெஞ்சம்..." சே! அடித்துவிட்டேன். அவள் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பத்மாவதி என்ற மாணவியின் தாளை மூன்று தடவை கூட்டினாள். மூன்று தடவையும் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். கவலைக் கணக்கில் வழிமுறைக்கு மூன்று மதிப்பெண் போட்டாயிற்று. சரியான விடைக்கு உள்ள இரண்டைத்தான் போட முடியவில்லை. பெண்ணோ "மாலை நாலு மணி" என்று எழுதியிருந்தாள்.

[முப்பத்து மூன்று கதைக்காக நான் வைத்தது என்று நினைப்பீர்கள். அப்படி இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!]

3

மறுநாள் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏனம்மணி, வகுத்து எட்டு மணி நேரம்னு சரியாத்தானே போட்டிருக்கே? அப்புறம் நாலு மணி எங்கிருந்து வந்துச்சு?"

"பன்னெண்டு மணிக்கு மாட்டை அவுத்து உட்டுருவாங்களே டீச்சர். ரெண்டு மணிக்குத்தானுங்க மறுக்காப் பூட்டுவாங்க."

"கேள்வியில அப்படி இல்லையே கண்ணு."

"கேள்வி எழுதுனவரு மாடு வச்சிருக்க மாட்டாருங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. தாளில் இருந்த முப்பத்து மூன்று நினைவுக்கு வந்ததும் அது பாதியில் நின்றது. பெண்ணின் அப்பா திருமலைசாமியை வரவழைத்துக் கணக்கைப் படித்துக் காட்டினாள்.

"நாலு மணிதானுங்களே ஆகும்? உச்சி வெயில்ல எவன் ஓட்டுவான்?" என்றார் அவர். "ஆனா பெயிலுன்னா பெயிலுதானுங்க. வைகாசியில மாப்ள ஊட்டுக்காரங்க வாராங்க. பாஸானா ஒம்பதாவது போகட்டும்னு சொல்லிப்போட்டேன். அந்தப் பேச்சு அவளோட பேசுனது, மாத்தமாட்டேன்."

4

முதல் முடிவு: டீச்சர் இரண்டு மதிப்பெண் போடுகிறாள். மேலதிகாரி கண்டுபிடிக்கிறார். அவள் வேலை... இல்லை, கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: போடவில்லை. வைகாசி வருகிறது. இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

அவள் நிஜமாகச் செய்தது வேறு. எனக்கு ஒரு கார்டு எழுதினாள். (மேலே அவர்கள் பேசியதெல்லாம் அந்தக் கார்டிலிருந்து நான் ஊதிப் பெருக்கியது.) "ஐயா, மாட்டுக்கு ஓய்வு உண்டா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் பட்டியல் அனுப்ப வேண்டும்."

கார்டு திங்களன்றே வந்துவிட்டது. "உண்டு" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எழுதினால் பதினோரு பள்ளிகளின் தாளையும் திரும்பத் திருத்த வேண்டும். கணக்குத் தெரியாதவன் கேள்வி போட்டான் என்று ஊரே சிரிக்கும். புதனன்று பேனாவை எடுத்தேன், மூடினேன். வியாழனும் அப்படியே. வெள்ளி போயிற்று.

பெண் தேறினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். விசாரிக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அந்த இரண்டு மதிப்பெண்ணை நீங்களாவது போட்டுவிடுங்கள்.